பின்பலகை எங்கிருந்து வந்தது என்பது குறித்து

படகுத்துறைக் காவல் நிலையத்தில் ஆய்வாளர் கேட்க, யாரும் மிரட்டாமலும் ஆசை காட்டாமலும் நானாகச் சொன்னது. சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார்.

என் பெயரும் கணவர் பெயரும் மேலே எழுதப்பட்டுள்ளன. எனக்கு வயது நாற்பத்து நான்கு. ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்தெருவில், கடைசிக்கு முந்தின வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறேன். முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். டெய்லரக்கா என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். என் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பிள்ளைகள் இல்லை. கணவரின் தம்பி, அதாவது என் கொழுந்தன், ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு இருக்கிறார்.

மூடிக் கிடக்கும் படகுத்துறை டிக்கெட் அறையிலிருந்து கவுண்டர் பலகையைக் கழற்றி எடுத்துப்போனதாக என் மீது துறை மேலாளர் கொடுத்திருக்கும் புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில் உள்ளது உண்மை. பலகையை எடுத்தது நான்தான். அது எப்படி நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். டயாலிசிஸ் மெஷின் உள்ள மருத்துவமனை ஏரிக்கு அந்தக் கரையில் இருக்கிறது. பாலம் இருந்தவரை பஸ்ஸில் போய் வந்தோம். பாலத்தின் நடுத்தூணில் விரிசல் கண்டு ஒரு நாள் காலையில் இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து மூடிவிட்டார்கள். பாலம் வந்த காலத்திலேயே பயணிகள் படகை நிறுத்தி, படகுகளையும் விற்றுவிட்டதால், திரும்ப விடுவதற்குப் படகு கிடையாது என்று துறையில் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும் சாலையில் வேன் பிடித்துப் போனோம். போக அரை நாள், வர அரை நாள். அந்தச் சாலையில் பள்ளம் இல்லாத இடத்தைத் தேட வேண்டும். ஊசி போட்டு ரத்தம் சுத்தம் செய்துகொண்ட உடம்போடு அவ்வளவு தூரம் குலுங்கி வந்து, வீட்டு வாசலில் வாந்தி எடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். மூன்று நாள் போனது இரண்டு நாளாயிற்று. பிறகு ஒரு நாளாயிற்று. கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

அந்தக் கரையிலேயே தங்கியிருக்கலாமே என்று ஆய்வாளர் கேட்டார். தங்கிப் பார்த்தோம். என் நாத்தனார் வீடு அங்கேதான், மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. இரண்டாவது முறை ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாத்தனார் வீட்டுக்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "மச்சான், ஏதாச்சும் ஒண்ணு ஆயிடுச்சுன்னா எங்களால பதில் சொல்ல முடியாது" என்று சொன்னார். அதன் பிறகு நாங்கள் அங்கே போகவில்லை. வலை போடுகிற சின்னத் தோணியிலும் ஒரு தடவை ஏற்றினோம். காற்றுக்கு அது ஆடிய ஆட்டத்தில் தோணிக்காரரே கரைக்குத் திருப்பிவிட்டார்.

ஐஸ் ஃபேக்டரியின் பின்புறம் ஒரு பழைய ஃபைபர் மோட்டார் படகு வெகுகாலமாகக் கிடந்தது. ஃபேக்டரி முதலாளியின் மகன் உல்லாசமாகச் சுற்றுவதற்கு வாங்கி, பிறகு மறந்துவிட்டது. உள்ளே மழைத்தண்ணீர் தேங்கிச் செடி முளைத்திருந்தது. கொழுந்தன்தான் அதைக் கேட்டார். முதலாளி, "எடுத்துட்டுப் போனா எனக்கு இடம் மிச்சம், இன்ஜினும் குடோன்ல கிடக்கு, ஓடினா ஓட்டிக்க" என்று சொன்னார். இதற்கு முதலாளியே சாட்சி. இன்ஜினைப் பிரித்துச் சேர்த்தது என் கணவர், கட்டிலில் உட்கார்ந்தபடியே. அது ஓடியது.

படகைத் தள்ளுவண்டியில் வைத்து எங்கள் வீட்டுப் பக்கச் சந்துக்குக் கொண்டுவந்தோம். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தேய்த்துக் கழுவினதும் பளபளப்புக்கூட வந்தது. உள்ளே கால் வைத்ததும் தரை அமுங்கியது. கொழுந்தன் கிரைண்டர் போட்டுத் தரையை அறுத்து எடுத்தார். ஃபைபருக்கு அடியில் படகின் நீளத்துக்கு ஓடும் மரச்சட்டங்கள்தான் படகுக்கு முதுகெலும்பு. அவை ஒன்றுகூட மரமாக இல்லை. கையால் அள்ளினால் டீத்தூள் சக்கை மாதிரி வந்தது. இடையில் அடைத்திருந்த ஸ்பாஞ்சைப் பிழிந்தால் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. என் கணவர் நாற்காலியில் இருந்தபடி பார்த்துவிட்டு, "இது படகு இல்லடா, ஊற வெச்ச பிஸ்கட்டு" என்றார். கொழுந்தன் களைப்பில், "இதுக்குப் பேசாம ஒரு பாடையைக் கட்டிடலாம்ணே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அதன் பிறகு என் கணவர்தான் முதலில் சிரித்தார். "கட்டு. ரெண்டு பேருக்கும் சேத்துப் பெருசா கட்டு" என்றார். நான் வாளியை எடுத்துக்கொண்டு சக்கையைக் கொட்டப் போய்விட்டேன்.

புது மரச்சட்டங்களுக்கு எங்கள் கட்டிலைப் பிரித்தோம். அது நல்ல மரம். அன்றிலிருந்து மூவரும் தரையில் படுத்தோம். பாத்ரூமுக்கு ஃபைபர் கதவு செய்து விற்பவர் ஒருவர் எங்கள் தெருமுனையில் இருக்கிறார். அவரிடம் ரெசினும், துணி மாதிரி விரிக்கிற ஃபைபர் மேட்டும், ரெசினை இறுக வைக்கிற ஹார்டனரும் வாங்கினோம். முதல் தடவை அவசரத்தில் நான் ஹார்டனரைக் கூட ஊற்றிவிட்டேன். வாளி சூடேறிப் புகைந்து, குச்சியோடு சேர்ந்து கல்லாகிவிட்டது. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கப் பழகினேன். மேட்டை அளவெடுத்து வெட்டுவது எனக்குக் கஷ்டமாக இல்லை, பிளவுஸுக்குக் கை வெட்டுவது போலத்தான். ஆனால் ஃபைபர் தூள் உடம்பில் ஏறி அரித்தது. தைக்க வரும் பெண்கள் என் கையைப் பார்த்துவிட்டுத் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். சட்டங்களை உள்ளே வைத்து, மேலே மேட் போட்டு ரெசின் பூசி, தரையும் போட்டோம்.

என் கணவருக்கு இடது கையில் ஆபரேஷன் செய்து ரத்தக் குழாய்களை இணைத்திருந்தார்கள். டயாலிசிஸுக்கு ஊசி போடுவது அதில்தான். அந்தக் கையில் விரல் வைத்துப் பார்த்தால் உள்ளே ரத்தம் ஓடுவது கிர்ரென்று தெரியும். அந்தக் கையில் எடை தூக்கக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, வாட்ச்கூடக் கட்டக் கூடாது. தினமும் காலையில் நான் தொட்டுப் பார்ப்பேன். "கம்ப்ரஸர் ஓடுதா?" என்று கேட்பார். "ஓடுது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவேன்.

தரை காய்ந்துகொண்டிருந்த நாட்களில் வேனில் போய்த் திரும்பும் வழியில் அவருக்கு நினைவு தப்பியது. வேன்காரர் எங்களை வீட்டில் இறக்கிவிட்டு, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லி, அன்றைய வாடகையையும் வாங்காமல் போய்விட்டார். மற்ற வேன்காரர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்ததில், சுற்றுவழியில் உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும்தான் அனுப்புவோம், வாராவாரம் அனுப்ப முடியாது என்றார்கள். இனி படகுதான் என்று ஆயிற்று.

மறுநாள் இன்ஜினை மாட்டுவதற்காகப் படகின் பின்சுவரில் கொழுந்தன் துளை போட்டார். இன்ஜின் முழுவதும் தொங்குவது அந்தச் சுவரில்தான். வெளியே ஃபைபர், உள்ளே ஃபைபர், நடுவில் கனமான பலகை. அதுவரை அதை நாங்கள் சந்தேகப்படவில்லை. தட்டிப் பார்த்தபோது கெட்டியாகத்தான் சத்தம் வந்தது. துளை போட்டதும் டிரில் பிட் வழியாகக் கறுப்புத் தண்ணீர் வடிந்தது. அடுத்த துளையிலும் அதேதான். கொழுந்தன் டிரில்லைக் கீழே வைத்துவிட்டுச் சந்திலேயே உட்கார்ந்து அழுதார். என் கணவர் கையை நீட்டினார், நான் பிடித்துத் தூக்கினேன், அவர் நடந்துவந்து தம்பியின் தலையில் கை வைத்தார்.

ஃபைபர் கதவுக்காரரிடம் ஓடினேன். அவரிடம் இருந்தது மெல்லிய பலகை. அலமாரி செய்கிற பலகையைப் போட்டால் ஒரே வாரத்தில் தண்ணீர் குடித்துவிடும், தண்ணீர் தாங்குகிற கனமான பிளைவுட் அந்தக் கரைக் கடையில்தான் கிடைக்கும் என்றார். கடைக்கு ஃபோன் செய்தோம். பாலம் மூடியதால் இந்தப் பக்கம் லாரி விடுவதில்லை, மழை விட்டதும் பார்க்கலாம் என்றார்கள். அன்றைக்கு என் கணவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் தலையணை வைத்து உட்கார்த்தி வைத்தேன். பேசும்போது பாதி வார்த்தைக்கு மூச்சு வாங்கினார்.

அதன் பிறகு நான் படகுத்துறைக்குப் போனேன். அப்போது பகல். யாரும் பார்க்கக் கூடாது என்று நான் போகவில்லை. திரும்பப் படகு விடச் சொல்லி முன்பு மனு கொடுக்கப் போனபோது டிக்கெட் அறையில் கவுண்டர் பலகை மேல்தான் என் கையை ஊன்றி நின்றேன். கூரை ஒழுகி வருஷக்கணக்காக நனைந்தும் அந்தப் பலகை உப்பவில்லை. அது எனக்கு நினைவு வந்தது. தையல் மெஷின் பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் போயிருந்தேன். திருகுகள் துருப்பிடித்திருந்ததால் நேரம் ஆயிற்று. துறை வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். "அக்கா, என்ன பண்றீங்க, என் வேலை போயிடும்" என்றார். நான், "உன் வேலை போனா வேற வேலை தேடலாம் தம்பி" என்றேன். அவர் என்னைத் தடுத்தார். நான் கேட்கவில்லை.

அவ்வளவு நீளப் பலகையை ஒரு பெண் தனியாக எப்படி வீடு வரை தூக்கிக்கொண்டு போக முடியும், மறுமுனையைப் பிடித்தது யார் என்று ஆய்வாளர் இரண்டு தடவை கேட்டார். நான் தனியாகவே தூக்கினேன். வாட்ச்மேன் தன் இடத்தை விட்டு நகரவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பின்சுவரின் உட்பக்க ஃபைபரை அறுத்து, அழுகினதைச் சுரண்டி எடுத்து, பலகையை அளவுக்கு வெட்டி இரண்டாக அடுக்கி ரெசினில் ஒட்டி, மேலே மேட் போட்டு மூடினோம். கதவுக்காரரும் வந்து கூட நின்றார். மழை ஈரத்தில் ரெசின் காயவில்லை, தொட்டால் விரலில் ஒட்டியது. வீட்டில் இருந்த டேபிள் லைட்டையும் இஸ்திரிப் பெட்டியையும் பக்கத்தில் வைத்துச் சூடு காட்டினேன். இன்னும் இரண்டு நாள் காய வேண்டும் என்று கதவுக்காரர் சொன்னார். மறுநாள் காலையில் என் கணவரின் உதடு நிறம் மாறியிருந்தது. கொழுந்தன் என்னைப் பார்த்தார். நான், "எறக்குங்க தம்பி" என்றேன். பச்சை ரெசினோடு படகை இறக்கச் சொன்னது நான். கொழுந்தன் மீது இதில் பொறுப்பு இல்லை.

தெருக்காரர்கள் கைகொடுத்துப் படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். கணவரைத் தலையணைகளில் சாய்த்து நடுவில் உட்காரவைத்தோம். ஏரியின் பாதி வரை நன்றாகவே போயிற்று. அதன் பிறகு காற்று எடுத்தது. பாலத்துக்கு அருகில் வரும்போது பின்பக்கம் சடசடவென்று சத்தம் வந்தது. இன்ஜினின் தலை பின்னுக்குச் சாய ஆரம்பித்தது. புதுப்பலகை ஃபைபரை விட்டு விலகி, இடைவெளியில் தண்ணீர் வந்தது. கொழுந்தன் வேகத்தைக் குறைத்தார். இன்ஜினை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் காற்று படகை விரிசல் விட்ட தூணில் கொண்டுபோய் மோதும். நான் இன்ஜின் தலையில் கயிற்றைச் சுற்றி முன்பக்க வளையத்துக்கு இழுத்தேன். கயிறு எட்டவில்லை.

அப்போது என் கணவர் கயிற்று நுனியைப் பிடுங்கி, காலைக் குறுக்குச் சட்டத்தில் உதைத்து ஊன்றிக்கொண்டு, முன்கையில் சுற்றி இழுத்துப் பிடித்தார். அது இடது கை. வலது கையால் அவர் படகின் விளிம்பைப் பிடித்திருந்தார். "அந்தக் கைய எடுங்க" என்று கத்தினேன். அவர், "தண்ணிய எறைடீ" என்றார். நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு கையால் கயிற்றைப் பிடித்து இழுத்தேன், ஆனால் சுற்று அவர் கையில்தான் இறுகியது, அவிழ்த்து விட்டால் இன்ஜின் போய்விடும். மறு கையால் தண்ணீரை இறைத்தேன். கை நீலமாவதைப் பார்த்துக்கொண்டே இறைத்தேன். கொழுந்தன் முன்னால் பார்க்காமல் அண்ணனையே பார்த்து ஓட்டினார். அப்படியே கரை போய்ச் சேர்ந்தோம்.

மருத்துவமனையில் நர்ஸ் அவர் கையைத் தொட்டுப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார், பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். ரத்தம் கட்டி அந்தக் குழாய் அடைத்துவிட்டது. என் கணவர் நர்ஸிடம், "கம்ப்ரஸர் போயிடுச்சா?" என்று கேட்டார். நர்ஸுக்குப் புரியவில்லை. கழுத்தில் குழாய் போட்டு அன்றைக்கு டயாலிசிஸ் செய்தார்கள். மூச்சு சரியாயிற்று. வலது கையில் ஆபரேஷன் செய்து, அது தயாராகப் பல வாரம் ஆகும், அதுவரை கழுத்துக் குழாயில் கிருமி தொற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், டயாலிசிஸ் ஒரு முறைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் சொன்னார். என் கணவர் வார்டில் இருந்த நாட்களில் கொழுந்தன் அந்தக் கரையில் இரும்புப் பட்டை வாங்கிப் பின்சுவரைத் தரைச் சட்டங்களோடு போல்ட் போட்டு இணைத்து, திரும்ப ரெசின் பூசி, நல்ல வெயிலில் காயவைத்தார். வேறு நோயாளிக்குப் படுக்கை வேண்டியிருந்ததால் நேற்று என் கணவரை அனுப்பிவிட்டார்கள். படகிலேயே திரும்பி வந்தோம். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. என் கணவர் வழியெல்லாம் பின்பலகையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

துறையில் இறங்கும்போது மேலாளரும் போலீஸாரும் நின்றிருந்தார்கள். படகைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். அதே கனத்தில் புதுப்பலகை அந்தக் கரையிலிருந்து கொண்டுவந்து கவுண்டரில் நானே பொருத்தித் தருகிறேன் என்று மேலாளரிடம் சொன்னேன். அரசுப் பொருளுக்குப் பதில் வேறு பொருள் வாங்க விதி இல்லை, அதே பலகைதான் வேண்டும் என்றார். இன்று காலை போலீஸார் கூட்டி வந்த தச்சர் படகைப் பார்த்துவிட்டு, பலகை ஃபைபரோடு ஒன்றாகிவிட்டது, எடுப்பதென்றால் படகின் பின்பாதியை அறுக்க வேண்டும் என்று சொன்னார். நீதிமன்றம் உத்தரவு போடும்வரை படகு பூட்டியே இருக்கும் என்றும், நீதிமன்றம் திறக்க இடையில் விடுமுறை நாட்கள் இருக்கின்றன என்றும் ஆய்வாளர் எனக்குத் தெரிவித்தார். அறுப்பதானால் அறுத்துக்கொள்ளுங்கள், வலது கை தயாரான பிறகு அறுங்கள் என்று கேட்டேன். அவர் அடுத்த கேள்விக்குப் போனார்.

இப்படி ஒரு காரியத்தை மறுபடியும் செய்வாயா என்று ஆய்வாளர் கேட்டார். அந்த அறையில் இப்போது மீதி இருப்பது ஜன்னல் பலகை மட்டும்தான், அது மெலிசு, இன்ஜின் தாங்காது என்று சொன்னேன்.

நாளை காலை என் கணவருக்கு டயாலிசிஸ். அவரை எப்படிக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாய் என்று ஆய்வாளர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டது நான் இல்லை, ஆய்வாளர்தான் என்பதையும், பதில் இல்லாமலேயே இது முடிகிறது என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். எழுதப்பட்டது.

மேலே கண்டவை முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, கூட்டியோ குறைத்தோ எழுதப்படவில்லை, எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து இடுகிறேன்.

(ஒப்பம்)
வாக்குமூலம் அளித்தவர்